பனியை எங்கே கொட்டுவது?

நான் கனடா தேசத்துக்குப் போய் வந்த சமாசாரம் அபிராமபுரத்தில் எங்கள் தெரு முழுவதும் பரவி, அடங்கி, மறந்தும் போய்விட்டது. என் தாயார் மட்டும் மறக்கவில்லை. 2019 ஜனவரியில் ஒருநாள் அவள் டெலிபோனில் கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கடனைத்தான் இப்போது தீர்க்கிறேன்.

"வாசலில் ஒரு அடி, இரண்டு அடி பனி விழுகிறது என்கிறாயே, அதையெல்லாம் வாரி எங்கேடா கொட்டுவார்கள்?" என்று கேட்டாள்.

வாசகர்கள் சிரிக்கக் கூடாது. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீரைத் திறந்துவிட்டு, அடையாறு கரை புரண்ட அந்த இரவில், எங்கள் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. நாங்கள் வாளியால் மொண்டு தெருவில் கொட்டினோம். எதிர்வீட்டுக்காரரும் மொண்டு தெருவில் கொட்டினார். தெரு பாரபட்சம் பாராமல் இரண்டு வீட்டுக்கும் திருப்பிக் கொடுத்தது. விடியும் வரை இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்தது. அன்று முதல் என் தாயாரிடம் எதைச் சொன்னாலும் "எங்கே கொட்டுவார்கள்?" என்பதுதான் முதல் கேள்வி.

அபிராமபுரத்தில் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் துளசிமாடத்தின் மேல் அரும்பியிருக்கும் ஈரம். அதற்கே நாங்கள் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொள்ளுகிறவர்கள். அக்காவும் அத்திம்பேரும் வசிப்பது டொரான்டோ நகரத்துக்கு வடமேற்கே, ஆரஞ்ச்வில் என்ற ஊரைத் தாண்டி ஒரு கிராமாந்தரத்தில். பெயரைக் கேட்டுவிட்டு அங்கே பழத்தோட்டம் தேட வேண்டாம். ஆரஞ்ச் லாரன்ஸ் என்ற மனிதரின் பெயரால் ஏற்பட்ட ஊர் அது. ஜில்லாவுக்கு டப்ரின் என்று பெயர். கனடாவில் கவர்னர் ஜெனரலாக இருந்துவிட்டு, 1884-இல் நமக்கு வைஸ்ராயாக வந்தாரே, அதே டப்ரின் பிரபுதான்.

சாலையிலிருந்து அக்கா வீட்டு வாசலுக்கு இருநூறு அடி தூரம் ஒரு சரளைக்கல் பாதை. பத்தடி அகலம். ஓரடி பனி விழுந்தால் அந்தப் பாதையின் மேல் மட்டும் 2,000 கன அடி பனி. புதுப்பனி தண்ணீரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு கனம் இருக்கும் என்பது அந்த ஊர்க் கணக்கு. அப்படிப் பார்த்தாலும் ஐந்தரை டன் ஆகிறது! அத்திம்பேர் ஒன்பது வருஷம் அதைக் கைமண்வெட்டியால் தள்ளினார். பத்தாவது வருஷம், 2016 பிப்ரவரியில், பாதிப் பாதையில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் சாலையோடு நின்றுவிட்டது. பனியில் அதனால் ஏற முடியவில்லை. இரண்டு ஆட்கள் ஸ்டிரெச்சரைத் தூக்கிக்கொண்டு, தொடையளவு பனியில் விழுந்து எழுந்து வந்தார்கள். அந்த நூறு அடி தூரத்துக்கு எத்தனை நிமிஷம் ஆயிற்று என்பதை அக்கா கடிகாரத்தில் பார்த்திருக்கிறாள். அந்த எண்ணை மட்டும் இன்றுவரை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

அத்திம்பேர் பிழைத்தார். அடுத்த குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு சின்ன டிராக்டர் வந்து சேர்ந்தது. அதன் முகத்தில் ஐந்தடி அகலத்துக்கு ஒரு பனி வீசும் யந்திரம்.

பனியை ஒதுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று தள்ளுவது, மற்றது எறிவது. தள்ளுவது எளிது, ஒரு இரும்புத் தகடு போதும். ஆனால் தள்ளிய பனி எங்கும் போவதில்லை. பாதையின் இருபுறமும் மதிலாக எழும்பி நிற்கும். அடுத்த மழைக்கு — பனிக்கு என்று சொல்ல வேண்டும், பழக்கதோஷம் — மதில் கொஞ்சம் உள்ளே வரும். பிப்ரவரி பிறப்பதற்குள் பத்தடிப் பாதை ஆறடியாகிவிடும். அதற்குமேல் தள்ள இடமில்லை. எறிகிற யந்திரத்துக்கு இந்தச் சங்கடம் கிடையாது. முப்பது அடி தள்ளி, வயலின் மேல் தூவினாற்போல் பரப்பிவிடுகிறது. என் தாயாரின் கேள்வியை வேறு யாரோ வெகு காலத்துக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

முதலில் கேட்டவர்கள் ரயில்வேக்காரர்கள். அவர்களிடம் இருந்ததெல்லாம் ஆப்பு வடிவமான பெரிய கலப்பை ஒன்றுதான். பின்னால் இரண்டு மூன்று இஞ்சின்களைக் கோத்து, தூரத்திலிருந்து ஓடிவந்து பனியில் மோதுவார்கள். சிக்கிக்கொண்டால் பின்வாங்கி மறுபடி மோதுவார்கள். ஆட்டுக்கடாச் சண்டைதான். 1869-இல் டொரான்டோவில் எலியட் என்ற டாக்டர், சுழலும் சக்கரத்தால் பனியைக் குடைந்து எறியலாம் என்று ஒரு யோசனையைப் பதிவு செய்தார். அவர் பல் வைத்தியர்! பல்லைக் குடைகிற கைக்கு மலையைக் குடைகிற எண்ணம் தோன்றியதில் ஆச்சரியமில்லை என்று நான் நினைக்கிறேன். ஆனால் அவர் யந்திரத்தைக் கட்டவில்லை. யோசனை காகிதத்திலேயே தங்கியது.

அதைக் காகிதத்திலிருந்து இறக்கியவர் இதே ஆரஞ்ச்வில் ஊர்க்காரர், ஆரஞ்ச் ஜல் என்பவர். ஆலை வைத்திருந்தவர். சின்ன மாதிரிகள் செய்து, பனிக்குப் பதிலாக மணலை வைத்துப் பரீட்சை பார்த்தார். இந்தச் சரித்திரம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மணல்தான் வேண்டுமென்றால் மனிதர் மெரீனாவுக்கே வந்திருக்கலாம். பரீட்சை பலித்தது. 1883-84 குளிர்காலத்தில் டொரான்டோவில் லெஸ்லி சகோதரர்கள் அவருக்காக முழு அளவில் ஒரு யந்திரம் கட்டினார்கள். அது ஓடியது. ஜல் தமது உரிமையை லெஸ்லிகளுக்கே விற்றுவிட்டார். நீராவியால் சுழலும் அந்தப் பெரிய சக்கரம் மலைப்பாதை ரயில்களின் முன்னால் பல வருஷம் பனியை வீசி வழி திறந்தது. ஜல்லுக்கு மனம் ஆறவில்லை போலும். பிற்பாடு கூம்பு வடிவத்தில் ஒரு ராட்சதத் திருகை முன்னால் வைத்து வேறொரு கலப்பை செய்தார். அது எடுபடவில்லை.

ரயிலுக்கு வழி கிடைத்தது. தெருவுக்குக் கிடைக்க இன்னும் நாற்பது வருஷம் ஆயிற்று. கியூபெக் மாகாணத்தில் ஆர்தர் சிகார்ட் என்பவர் பால்பண்ணைக் குடும்பத்தில் 1876-இல் பிறந்தவர். பனி விழுந்து பாதை மூடினால் பால் பட்டணம் போய்ச் சேராது. வாலிபத்தில் அவர் வயலில் ஒரு கதிரடிக்கும் யந்திரத்தைப் பார்த்தார். கதிரை உள்ளே இழுத்து வைக்கோலை வெளியே வீசுகிறதே, பனியை ஏன் வீசக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. களத்தில் முறத்தை உயர்த்திப் பிடித்துத் தூற்றுகிற நம் குடியானவப் பெண்ணுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. ஆனால் அந்த எண்ணம் இரும்பாவதற்கு முப்பது வருஷம் பிடித்தது. 1925-இல் ஒரு லாரியின் முகத்தில் யந்திரத்தைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். அது 90 அடி தூரம் பனியை வீசும். வேண்டுமானால் பக்கத்தில் வருகிற லாரியிலும் நிரப்பும். 1927-இல் மாண்ட்ரீலை ஒட்டிய ஊட்ரமான்ட் ஊரார் முதல் யந்திரத்தை வாங்கினார்கள். அம்மாவின் கேள்விக்கு நேரான பதில் வேண்டுமென்றால் அதுவும் மாண்ட்ரீலில்தான் இருக்கிறது. அங்கே தெருப் பனியை லாரியில் ஏற்றி, பிராங்கன் என்ற பழைய கல் குவாரியில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். அந்தக் குவியல் கோடைக்காலம் வந்த பின்பும் கிடக்கும்.

இதெல்லாம் அயல்நாட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. காஷ்மீரத்தில் சோஜிலா கணவாய் 11,500 அடிக்கு மேல் இருக்கிறது. 1948-இல் அங்கே கோவேறு கழுதை போகிற தடம்தான் இருந்தது. பால்டாலிலிருந்து அந்தத் தடத்தை டாங்கி ஏறும்படி அகலப்படுத்தியவர்கள் மதராஸ் சாப்பர்ஸ். நம் பக்கத்துப் பிள்ளைகள். வேட்டி கட்டிய கிராமங்களிலிருந்து போனவர்கள் அந்தக் குளிரில் பாறையை உடைத்துப் போட்ட வழியில்தான் நவம்பர் முதல் தேதி ஸ்டூவர்ட் டாங்கிகள் பனிக்கு நடுவே ஏறின. 1960-இல் எல்லைப்புறச் சாலைகளுக்கென்று ஒரு ஸ்தாபனம் ஏற்பட்ட பிறகு, சோஜிலாவிலும் ரோட்டாங்கிலும் வசந்தம்தோறும் பனி வீசும் யந்திரங்கள் மதில் மதிலாக அறுத்து வழி திறந்து வந்திருக்கின்றன. ரோட்டாங்குக்கு அடியில் ஒன்பது கிலோமீட்டர் சுரங்கம் 2020 அக்டோபரில் திறக்கப்பட்டது.

அத்திம்பேரின் டிராக்டருக்குத் திரும்புகிறேன். அது ஜப்பானிய ஜாதி. இந்தச் சின்ன டிராக்டர்கள் அங்கே துண்டு துண்டான நெல் வயல்களுக்காகப் பிறந்தவை. 1960-களின் கடைசியில்தான் கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கின. சேற்றில் உழப் பிறந்தது பனியில் உழுகிறது. வயிற்றுக்கடியில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,000 தடவை சுழலும் ஒரு முனை இருக்கிறது. அதிலிருந்து ஒரு தண்டு முன்னால் போய் யந்திரத்தைச் சுழற்றுகிறது. முன்பக்கம் படுக்கைவாட்டில் ஒரு திருகு. காபிக்கொட்டை அரைக்கும் யந்திரத்தில் இருக்குமே, அந்த மாதிரி. இரண்டு பக்கத்துப் பனியையும் நடுவுக்குக் கொண்டுவருகிறது. நடுவில், பின்னால், ஒரு விசிறி அதை வாங்கி, வளைந்த தூம்பு வழியே எறிகிறது. ஜல்லின் தோற்றுப்போன திருகும் அவர் விற்றுவிட்ட விசிறியும் இந்த ஐந்தடிப் பெட்டிக்குள் சமாதானமாகக் குடித்தனம் செய்கின்றன என்று எனக்குத் தோன்றியது. அத்திம்பேரிடம் சொன்னேன். "எழுத்தாளரே, முதலில் பின்னால் போய் எடையைப் பாரும்" என்றார்.

முன்னால் கனம் தொங்குவதால் பின் சக்கரம் லேசாகிவிடும். ஆகவே பின்னால் கான்கிரீட் நிரப்பிய பெட்டி ஒன்று தொங்குகிறது. சக்கரத்துக்குச் சங்கிலி. யந்திரத்தின் அடியில் இரண்டு இரும்புப் பாதங்கள். தரையைவிட்டு ஓர் அங்குலம் தூக்கிப் பிடிக்கும். இல்லாவிட்டால் பனியோடு சரளைக்கல்லும் பறந்து ஜன்னலைப் பதம் பார்க்கும். பின்னால் மாட்டுகிற வகையும் உண்டாம். கழுத்தைத் திருப்பிக்கொண்டே பின்னோக்கி ஓட்ட வேண்டும். மார்பைப் பிளந்து தைத்த மனிதருக்கு அது ஆகாது என்றுதான் முன்னால் மாட்டுவதாக வாங்கினார்கள்.

மறுநாள் விடியற்காலை என்னை ஆசனத்தில் ஏற்றினார்கள். கற்றுக்கொள்ள வேண்டிய சூட்சுமம் ஒன்றுதான்: இஞ்சின் முழு வேகத்தில் அலற வேண்டும், வண்டி நத்தை போல நகர வேண்டும். எனக்குப் பயமாயிருந்தது, இஞ்சினைக் குறைத்தேன். உடனே தூம்பு அடைத்துக்கொண்டது. கையை நீட்டப் போனேன். "தொடாதே!" என்று அத்திம்பேர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இஞ்சினை அணைத்து, எல்லாம் நின்றுவிட்டதா என்று பார்த்து, அதற்கென்று வைத்திருக்கும் கட்டையால் குத்தித்தான் எடுக்க வேண்டும். அந்தத் தேசத்தில் இப்படி விரல் இழந்தவர்கள் அநேகர்.

இரண்டாவது தடவை 'டக்' என்று ஒரு சத்தம், திருகு நின்றுவிட்டது. நான் டிராக்டரையே ஒழித்துவிட்டதாக நடுங்கினேன். பனிக்குள் புதைந்திருந்த ஒரு விறகுக்கட்டை சிக்கியிருக்கிறது. அத்திம்பேர் நிதானமாகக் கட்டையை உருவிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன போல்ட்டை எடுத்தார். வேண்டுமென்றே பலவீனமாகச் செய்த போல்ட் அது. எதிலாவது மாட்டினால் அது முறியும், பல்சக்கரம் பிழைக்கும். நான் டார்ச் பிடித்தேன். ஐந்து நிமிஷத்தில் மாட்டிவிட்டார்.

காற்று மேற்கேயிருந்து அடித்தது. தூம்பைக் கிழக்கே திருப்பிக்கொண்டு மெள்ள மெள்ளச் சாலை வரை போனேன். சாலையின் மேல் வீசக் கூடாது. அந்த மாகாணத்தில் அது சட்ட விரோதம். பின்னால் திரும்பிப் பார்த்தேன். இருநூறு அடி பாதை கறுப்பாக, சுத்தமாக, ஆம்புலன்ஸ் அகலத்துக்குக் கிடந்தது. அக்கா வாசற்படியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். பேசவில்லை.

நான் இறங்கிக் கையுறையைக் கழற்றுவதற்குள் சாலையில் ஊர்ப் பனிவண்டி வந்தது. அது தள்ளுகிற ஜாதி. ரயில்வேக்காரர்களின் பழைய கலப்பைக்குப் பேரன். எங்கள் பாதையின் வாயில் இடுப்பளவுக்கு ஒரு மதிலைக் கட்டி வைத்துவிட்டுப் போய்விட்டது.

"காபி குடித்துவிட்டு எடுக்கலாமே" என்றேன்.

"இல்லை, இப்போதே எடுத்துவிடட்டும்" என்றாள் அக்கா. அத்திம்பேர் ஏற்கனவே ஆசனத்தில் ஏறியிருந்தார்.