எண்கள் நின்றால் எது நின்றது?

ஆம்பூர் வட்டாரத்துக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் பணியாற்றும் என் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார். நிலையத்தின் அளவீடுகளைச் சென்னைக்கு அனுப்பும் கணினி ஓர் இரவு திடீரென உறைந்துவிட்டது. தொலைபேசியில் பேசிய தொழில்நுட்பர் "ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்றார். இவர் மின்சாரத்தையே துண்டித்து மீண்டும் கொடுத்தார். தொழில்நுட்பர் சொன்னதோ, எண்களை அனுப்பும் மென்பொருளை மட்டும் மூடித் திறக்க வேண்டும் என்ற பொருளில். அனுப்பப்படாமல் தேங்கியிருந்த பதிவுகள் அழிந்தன. "சார், அவர் சொன்னதும் நான் செய்ததும் ஒன்றென்றே நினைத்தேன். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்திருந்தால் எது என்று கேட்டிருப்பேன்" என்றார் மாணவர்.

இது ஒரு தொழிலாளியின் மொழிக் குறைபாடு என்று நான் கருதவில்லை. பாலாற்றங்கரையில் அந்த எண்களுக்கு உள்ள மதிப்பு அத்தகையது.

வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. 'மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும்', 'முன்னெச்சரிக்கை' என்னும் இரு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதியென அத்தீர்ப்பு நிலைநாட்டியது. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தோல் பதனிடுதல் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவிகளை நிறுவ வேண்டுமெனப் பணித்தது. 2025 ஜனவரி 30 அன்று பாலாற்று மாசு குறித்து உச்சநீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க வேண்டியிருந்தது. மாசுபடுத்தியவர் யார், எவ்வளவு என்பதை அளக்க முடிந்தால்தான் இழப்பீட்டுக் கோட்பாடு உயிர்பெறும். அந்த அளவு இன்று ஒரு கணினியின் வழியே வருகிறது.

அக்கணினியிலிருந்து எண்கள் வருவது நின்றால் நின்றது எது? நிலையமே நின்றிருக்கலாம். நீரை அளக்கும் உணரி பழுதாகியிருக்கலாம். கணினி உறைந்திருக்கலாம். இணைய இணைப்பு அறுந்திருக்கலாம். கிண்டியிலுள்ள வாரிய அலுவலகத் திரையில் இந்த நான்கும் ஒரே வெற்றிடமாகத்தான் தெரியும். நேர்மையாக இயங்கும் நிலையத்தின் மீது சந்தேகம் விழும். விதி மீறும் நிலையமோ அதே வெற்றிடத்தில் ஒளிந்துகொள்ளும். பொருளியலில் இதைத் தகவல் சமச்சீரின்மை என்போம். நல்லவருக்கும் தீயவருக்கும் வேறுபாடு தெரியாத சந்தையில் நல்லவராக இருப்பதற்கான ஊக்கம் குன்றிவிடும். அதன் விலையைக் கொடுப்பவர் ஆற்றோரக் கிணற்றை நம்பியிருக்கும் விவசாயி.

தனிப் பாதையில் ஒரு காவல்

பிற கணினிகளுக்குச் சேவை வழங்கும் கணினியே சர்வர், தமிழில் வழங்கி. ஆயிரக்கணக்கான வழங்கிகள் இயங்கும் தரவு மையங்கள் இச்சிக்கலைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டன. வழங்கியின் தாய்ப்பலகையில் தனியாக ஒரு சிறு கணினியையே பொருத்துவது அவை கண்ட வழி. பி.எம்.சி. எனப்படும் இதற்குக் 'காவற்சில்லு' என்ற பெயர் பொருந்தும். இதற்குத் தனி நினைவகமும், பெரும்பாலும் தனி வலைப்பின்னல் இணைப்பும் உண்டு. வழங்கி அணைக்கப்பட்டிருந்தாலும், மின் இணைப்பு இருக்கும்வரை இது விழித்திருக்கும். வெப்பம், விசிறி வேகம், மின்னழுத்தம் ஆகியவற்றைப் படித்து நிகழ்வுப் பதிவேட்டில் குறிக்கும். தொலைவில் இருப்பவர் இதன் வழியே திரையைப் பார்க்கலாம். வழங்கியை அணைத்து இயக்கலாம்.

வழங்கியில் ஓடும் இயக்க முறைமையின் வழியாகவே அதைக் கவனிப்பது 'உள்வழி மேலாண்மை'. காவற்சில்லின் வழியாகக் கவனிப்பது 'புறவழி மேலாண்மை'. ஊருக்குள் நெரிசல் ஏற்பட்டாலும் வண்டிகள் நிற்காமல் செல்லப் புறவழிச்சாலை அமைக்கிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். உள்வழி அடைபட்டு, புறவழி பதில் தந்தால் உறைந்தது கணினி மட்டுமே என்பது உறுதியாகும். இரண்டும் அடைபட்டால் மின்சாரத்தையோ இணைப்பையோ ஐயுறலாம். வெற்றிடத்துக்குக் காரணம் கிடைக்கிறது.

காவற்சில்லோடு பேசுவதற்கான ஐ.பி.எம்.ஐ. என்னும் பொது நெறிமுறையை இன்டெல், எச்.பி., டெல், என்.இ.சி. நிறுவனங்கள் 1998இல் வகுத்தன. அதன் இடத்தை இப்போது 2015இல் வெளியான ரெட்ஃபிஷ் பிடித்துவருகிறது. இவை நிறுவனப் பெயர்களைப் போன்றவை, மொழிபெயர்க்கத் தேவையில்லை.

கட்டளைகளுக்குத்தான் தெளிவான தமிழ்ச் சொற்கள் வேண்டும். திறந்திருக்கும் கோப்புகளை மூடிய பின் அணைப்பது 'முறைப்படி நிறுத்தல்'. மின்சாரத்தைத் துண்டிக்காமல் செயலியை மட்டும் தொடக்கத்திலிருந்து ஓடச் செய்வது 'மீட்டமைத்தல்'. இதில் சேமிக்காத வேலை இழக்கப்படும். மின்சாரத்தை அறுத்துச் சற்றுப் பொறுத்து மீண்டும் தருவது 'மின்னறுத்து இணைத்தல்'. இதுவே இறுதி வழி. மென்பொருள் குறித்த நேரத்துக்குள் தன் இருப்பைத் தெரிவிக்காவிட்டால் கணினியைத் தானே மீட்டமைக்கும் ஏற்பாடு 'காவற்கடிகை'. இவை அனைத்தையும் 'ரீஸ்டார்ட்' என்ற ஒரே சொல்லில் அடைத்ததால்தான் என் மாணவர் பதிவுகளை இழந்தார்.

காவற்சில்லையும் காக்க வேண்டும். அதனுள் பதிந்திருக்கும் மென்பொருளான நிலைபொருளில் ஓட்டை இருந்தால் வழங்கி முழுவதும் அயலார் கைக்குப் போய்விடும். பரவலாகப் பயன்படும் மெகாராக் என்னும் நிலைபொருளில் கடவுச்சொல் இல்லாமலே நுழைய இடம்தரும் குறை ஒன்று 2025 மார்ச்சில் வெளிவந்தது. அது உண்மையான தாக்குதலுக்குப் பயன்பட்டிருப்பதாக அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை அதே ஆண்டு ஜூனில் பட்டியலிட்டது.

ஒரு செயலுக்கு ஒரு சொல்

தமிழ்ச் சொல்லாக்கம் நமக்குப் புதிதன்று. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் இதற்கென்றே தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கினர். 1999இன் 'தமிழ்நெட்99' மாநாட்டை முன்னின்று நடத்தியவரும், அடுத்த ஆண்டு தோன்றிய உத்தமம் அமைப்பின் முதல் தலைவருமான பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன் இதே வட்டாரத்து வாணியம்பாடியில் பிறந்தவர்.

தூய்மைவாதத்தை நான் வலியுறுத்தவில்லை. தோல் தொழிலில் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் 'டிரம்', 'வெட் ப்ளூ' ஆகிய சொற்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன. எது எதைக் குறிக்கிறது என்பதில் அங்கு யாருக்கும் குழப்பமில்லை. கருவியின் பெயர் எம்மொழியிலும் இருக்கட்டும். ஒரு செயலை இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் சொல் மட்டும், இரவுப் பணியில் இருப்பவருக்கு ஐயமின்றி விளங்கும் மொழியில் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கண்காணிப்புக் கருவிகளை விற்கும் நிறுவனங்கள் தமிழ்க் கையேடும் தர வேண்டுமென ஒப்பந்தத்திலேயே வாரியம் வலியுறுத்தச் செய்யலாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் இச்சொற்களைத் தொழிலாளரோடு அமர்ந்து தரப்படுத்தலாம். எண்கள் நின்ற ஒவ்வொரு முறையும் நான்கு காரணங்களில் எது என்பதை வாரியம் பொதுமக்கள் அறியத் தமிழில் பதிவிடலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டாமென்று என் மாணவருக்கு அன்று ஒரு தாளில் ஆறு சொற்களையும் அவற்றின் பொருளையும் எழுதிக் கொடுத்தேன். அதைக் கணினிக்கு மேலே சுவரில் ஒட்டியிருப்பதாகப் பிறகு சொன்னார்.

(கட்டுரையாளர்: கல்லூரிப் பேராசிரியர், பணி ஓய்வு)