பொருள் தெரியாத பாட்டு

ஒரு மார்கழி இரவு. நண்பர் ஒருவர் அழைத்தாரென்று, கோயமுத்தூர்ப் பெரிய கடை வீதியிலுள்ள புனித மிக்கேல் பேராலயத்துக்குக் கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை பார்க்கப் போயிருந்தேன். நான் கிறிஸ்தவன் அல்ல. பாட்டுப் பைத்தியம், அவ்வளவுதான்.

தமிழ்ப் பாட்டுக்களுக்கு நடுவே லத்தீன் பாட்டு ஒன்று எழுந்தது. என் பக்கத்தில் ஒரு பெரியவர். மில்லில் உழைத்து ஓய்ந்தவர். புத்தகம் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, கடைசி அடி வரை கூடவே பாடினார். பூசை முடிந்ததும் அதற்கு அர்த்தம் கேட்டேன்.

"அர்த்தமெல்லாம் யாருக்குங்க தம்பி தெரியும்? எங்க அய்யன் பாடுவாரு, நானும் கூடப் பாடுவேனுங்க. இப்பப் பாடுனாலும் அவரு பக்கத்துல நிக்கற மாதிரி இருக்குதுங்க."

இந்தப் பதில் என்னைச் சங்கடப்படுத்திவிட்டது. தமிழன் தனக்குப் புரிகிற பாட்டையே கேட்க வேண்டும் என்பது என் கட்சி. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவர்களுள் நம் கோவை ஆர். கே. சண்முகம் செட்டியாரும் ஒருவர் அல்லவா?

பெரியவர் பாடியது 'அதெஸ்தே ஃபிதேலெஸ்'. ஏதோ ஆதிகாலத்துப் பாட்டு என்று தோன்றும். உண்மையில் அது நமக்குக் கிடைப்பது 18ஆம் நூற்றாண்டில்தான். ஜான் பிரான்சிஸ் வேட் என்ற ஆங்கிலேயர் கைப்பட எழுதிய ஏடுகளில். இயற்றியவரும் அவர்தானா என்பது இன்னும் தீராத வழக்கு.

கொங்கு நாட்டுக்கு லத்தீன் வந்தது பாதிரிமாருடன். 17ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷனைச் சேர்ந்த சேசு சபையார் வந்தார்கள். பிற்பாடு பாரிஸ் மிஷனரிகள். 1850இல் கோயமுத்தூர் தனி மறை வட்டமாயிற்று; பிரெஞ்சுக்காரரான பிரெசிலாக் அதன் தலைவர். பிரசங்கம் தமிழில், பூசை மட்டும் லத்தீனில் என்று காலம் ஓடியது. 1963 டிசம்பர் 4ஆம் தேதி வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சாசனம் மக்கள் மொழிக்குக் கதவைத் திறந்தது. பூசையில் தமிழ் ஒலித்தது. ஆனால் அதே சாசனம் லத்தீனை ஓட்டிவிடவில்லை. தங்களுக்குரிய பகுதிகளை மக்கள் லத்தீனிலும் பாடத் தெரிந்திருக்க வேண்டும் என்றது.

கதவைத் திறந்தது நியாயமே. கும்பிடுகிறவனுக்குத் தான் கேட்பது இன்னதென்று தெரிய வேண்டாமா? ஆனால் அன்றிரவு எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. ஒரு பாட்டுக்கு அகராதி தரும் பொருள் ஒன்று. நமக்கு முன் அதைப் பாடியவர்கள் விட்டுப் போன பொருள் மற்றொன்று. முதலாவதைப் பிறகும் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவது, பாடுகிற வாய் அடங்கினால் அதோடு போய்விடும்.

வெளியே வாடை காதைக் கடித்தது. பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, பேரன் சற்று முன் கேட்ட தமிழ்ப் பாட்டை முணுமுணுத்தபடி படியிறங்கினான். பெரியவரும் மெல்லச் சேர்ந்து பாடினார். ஐம்பது வருஷம் கழித்து அந்தப் பையனுக்கு இந்தத் தமிழ்ப் பாட்டில் கேட்கப் போவதும் வெறும் பொருள் மட்டுமாக இராது.