கழித்துக்கட்டிய டிரான்சிஸ்டரில் பிறந்த தாளம்

தாளப் பெட்டி மேடைக்காகப் பிறந்ததல்ல. வீட்டில் தனியாக ஆர்கன் வாசிப்பவருக்குத் துணையாக வந்தது. அமெரிக்காவின் வர்லிட்சர் நிறுவனம் 1959-இல் விற்ற ‘சைட்மேன்’ பெட்டிக்குள் மோட்டார் சுழலும், வால்வுகள் ஒலி எழுப்பும்.

ஜப்பானில் கடிகாரமும் ரேடியோவும் பழுதுபார்த்துப் பிழைத்த இகுதாரோ காகேஹாஷி, 1972-இல் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கிருந்து 1980-இல் வந்ததுதான் டிஆர்-808. நிஜ டிரம்மைப் பதிவுசெய்து ஒலிக்கும் மெமரி சிப்புகள் அப்போது யானை விலை. அதனால் ஒவ்வோர் ஒலியையும் சர்க்யூட்டிலேயே உருவாக்கினார்கள்.

அந்த சர்க்யூட்டின் அழகே தனி. ஓர் ஆம்ப்ளிஃபையர் ஐசி, அதைச் சுற்றி இரண்டு கெப்பாசிட்டர், சில ரெசிஸ்டர். சின்ன மின்துடிப்பு ஒன்றைக் கொடுத்தால், தட்டிவிட்ட வெண்கல மணிபோல அதிர்ந்து மெல்ல அடங்கும். 808-இன் பெரிய டிரம்மில் அந்தக் கெப்பாசிட்டர்கள் ஒவ்வொன்றும் 0.015 மைக்ரோஃபேரட், ஒலி ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸ். இரண்டையும் பாதியாக்குங்கள், சுருதி இரட்டிப்பாகும். தோலை இழுத்துக் கட்டும் வேலை அவ்வளவுதான்! ஸ்நேர் டிரம், கைத்தட்டல் ஆகியவற்றின் சரசரப்புக்கு இரைச்சல் வேண்டும். அதற்காக, இரைச்சல் அதிகம் என்று ஆலை கழித்துக்கட்டிய டிரான்சிஸ்டர்களையே காகேஹாஷி தேடி வாங்கினார். ஆலைகள் தேர்ந்தபின் அந்தக் கழிவு கிடைக்கவில்லை. 1983-இல் 808-இன் தயாரிப்பு நின்றது; அதற்குள் வெளிவந்தவை சுமார் 12,000 பெட்டிகள்.

நிஜ டிரம் மாதிரி இல்லை என்று குறை சொன்னார்கள். அந்த வேற்று ஒலியே அதை வாழவைத்தது. 1982-இலேயே மும்பையில் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் அதே பெட்டியை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவுசெய்துவிட்டார். பழுதுபார்ப்பவர்களுக்காக ரோலண்ட் அச்சிட்ட சர்க்யூட் படங்களும் கைமாறின. அவற்றைப் பார்த்து உலகெங்கும் வீட்டு மேசைகளில் ஒலிக்கு ஒரு பலகையாகச் சேர்த்துப் பெட்டி கட்டுகிறார்கள்.

இனி நம் தாளத்துக்கு வருவோம். மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில், புக்கிட் ரோத்தானிலும், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயாவிலும், திருவிழா என்றால் உறுமி மேளம்தான். வளைந்த குச்சியால் தோலை இழைக்கும்போது ஏறி இறங்கும் அந்த முனகலுக்கென்று எந்தப் பெரிய நிறுவனமும் சர்க்யூட் வரைந்து நான் பார்த்ததில்லை. வரைய வழி உண்டு. மேலே சொன்ன 808 சர்க்யூட்டில் ஒரு ரெசிஸ்டரை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்கு மாறும் ரெசிஸ்டரைப் பொருத்தி, எதிரே சின்ன எல்.இ.டி. விளக்கை வையுங்கள். விளக்கு கூடிக் குறைய, சுருதி வழுக்கும். அதிர்வு சட்டென்று அடங்காதபடி பின்னூட்டத்தைக் கூட்டினால் இழைப்புக்குக் கிட்டே வரும்.

உறுமிக்கு மாற்றாக இதைச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் நிற்க ஒரு புதுக் கருவி வேண்டும் என்கிறேன். கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் இந்த உதிரிகள் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். சால்டர் பிடிக்கத் தெரிந்த தம்பி தங்கைகளே, உறுமி இழைக்கும் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். சுருதி சரியா என்று அவர் காது சொல்லட்டும்.