பொருநைக்கரையின் மொழி அவைகள்

பன்மொழி வழக்கு, மொழிக்கல்வி, பண்பாடுகளுக்கிடையேயான கருத்துப் பரிமாற்றம் ஆகியவற்றைப் பற்றிய கருத்தரங்குகள் இன்று பல்கலைக்கழகங்களிலும் இறையியல் கல்லூரிகளிலும் மிகுதியாக நடைபெறுகின்றன. குழந்தையின் கல்வி தாய்மொழியில் தொடங்கவேண்டும் என்று யுனெஸ்கோ நிறுவனம் 1953இல் வெளியிட்ட அறிக்கை வற்புறுத்திற்று. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969இல் மைசூரில் தோன்றியது. பெப்ருவரி 21ஆம் நாள் உலகத் தாய்மொழி நாளென 1999இல் அறிவிக்கப்பட்டது. இவற்றைக் கற்கும் நம் மாணவர், மொழிகளைக் குறித்து அவை கூடி ஆராய்தல் மேனாட்டார் நமக்கு அண்மையில் தந்த வழக்கம் என்று எண்ணக்கூடும். திருச்செந்தூரைச் சூழ்ந்த கடற்கரையிலும் பொருநையாற்றின் கரையிலும் அத்தகைய அவைகள் நானூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னரே கூடியிருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை ஈண்டு நோக்குவோம். ஒவ்வோர் அவையிடத்தும் மூன்று வினாக்களை எழுப்புவோம்: அமர்ந்தவர் யாவர்? எம்மொழியில் பேசினர்? ஒருவர் பிழையை மற்றவர் திருத்த இடமிருந்ததா?

1. திருச்செந்தூரும் சூழலும்

1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிக்கப்படும் வரை திருச்செந்தூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அதற்கு வடக்கே, பொருநை கடலோடு கலக்குமிடத்தில் புன்னைக்காயல் உள்ளது. தெற்கே மணப்பாடு உள்ளது. அண்டையிலுள்ள காயல்பட்டினத்து இசுலாமியப் பெருமக்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதும் மரபைப் போற்றி வந்தனர். முத்துக்குளித்துறையில் போர்த்துகீசியரும் பின்னர் டச்சுக்காரரும் வந்து தங்கினர். ஆகவே இக்கரையில் வாழ்ந்த மீனவருக்கும் வணிகருக்கும் பிறமொழி ஒலி புதிதன்று.

இவ்வூரோடு தொடர்புடைய மற்றொரு செய்தியும் நம் கருத்துக்குரியது. ஸ்ரீவைகுண்டத்தில் தோன்றிய குமரகுருபரர் ஐந்தாண்டு வரை பேசாதிருந்து, திருச்செந்தூர்ச் சந்நிதியில் பேச்சுப் பெற்றார் என்பது சைவ மரபு. பதினேழாம் நூற்றாண்டில் அவர் காசிக்குச் சென்று, அங்கு ஆள்வோரோடு உரையாடுதற்பொருட்டு இந்துஸ்தானி மொழியறிவை வேண்டிச் சகலகலாவல்லி மாலையைப் பாடினார் என்றும் அம்மரபு கூறும். தாய்மொழியில் பேச்சுப் பெற்ற ஒருவர், அயலாரைச் சந்திக்கும்பொழுது அயலாரின் மொழியை நாடிச் சென்றார் என்பதே இதன் பொருள். பிற சமயத்தாரின் வரலாறாயினும் இது நாம் மதித்துக் கற்கவேண்டியதாகும்.

2. 'வேணும்' என்பதும் 'விசுவாசம்' என்பதும்

1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். அவருடன் கோவாவில் பயின்றுவந்த, இந்நாட்டைச் சேர்ந்த மாணவர் மூவர் வந்தனர். சபையார் மொழி அவருக்கு விளங்கவில்லை. அவர் மொழி சபையாருக்கு விளங்கவில்லை. அந்நிலையில் தாம் செய்ததை 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அவர் விளக்குகிறார். இரு மொழியும் அறிந்தோரைத் தேடிக் கூட்டி, பல நாள் அவர்களோடு அமர்ந்து, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தருடைய ஜெபம் முதலியவற்றை மிக்க உழைப்புடன் தமிழாக்கினார். பின்னர் அவற்றை மனனம் செய்து, கையில் மணியுடன் தெருத்தோறும் சென்று சிறாரைக் கூட்டிக் கற்பித்தார். இக்கரையில் திருச்சபையின்பொருட்டுக் கூடியதாக நாம் அறியும் முதல் மொழி அவை இதுவே.

அவ்வவையின் பணி குறையற்றதாக இருக்கவில்லை. அதே ஆண்டில் சவேரியார் தம் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்று இதனைக் காட்டுகிறது. விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' எனும் பொருள் வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று கற்பிக்கப்பட்டு வந்தது. 'வேணும்' என்பது விருப்பத்தைக் குறிக்கும் சொல்லாதலால், அதனை நீக்கி 'விசுவாசம்' என்ற பொருள் தரும் சொல்லை அமைக்கும்படி அவர் அறிவுறுத்தினார். கடவுளை விரும்புவதும் கடவுளை விசுவாசிப்பதும் ஒன்றல்ல என்பது இறையியலில் பெரியதொரு வேறுபாடு. அவ்வேறுபாட்டைத் தமிழ்ச் சொல்லில் கண்டு காட்டக்கூடியவர், அச்சொல்லை வீட்டிலும் தெருவிலும் வழங்கிய ஒருவரன்றி வேறு யாராக இருக்கக்கூடும்? அவர் பெயர் நமக்குக் கிட்டவில்லை. ஆயினும் ஆசிரியர் தம் மாணாக்கரின் மொழியறிவுக்குத் தலைவணங்கித் தம் உபதேசத்தைத் திருத்திக்கொண்டார். அவ்வவை பயன் தந்தமைக்குக் காரணம் அதுவே.

3. புன்னைக்காயல்

சவேரியாரைப் பின்பற்றி வந்த ஹென்றிக்கே ஹென்றீக்கஸ், தமிழில் அண்டிரிக் அடிகளார் எனப்பட்டார். 1600இல் இறக்கும் வரை அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர் இக்கரையில் பணியாற்றினார். அப்பணியில் பெரும்பகுதி புன்னைக்காயலை மையமாகக் கொண்டது. இலத்தீன் இலக்கண முறையைத் துணைக்கொண்டு தமிழின் வினைகளையும் வேற்றுமைகளையும் வகுத்து, பின்வருவோர் தமிழ் கற்க இலக்கண நூலொன்று எழுதினார். உடன்பணியாளர் தங்களுக்குள்ளும் தமிழிலேயே உரையாடவேண்டும் என்ற ஒழுங்கையும் மேற்கொண்டார். மொழியைப் பற்றிப் பிறமொழியில் பேசுவதினும் அம்மொழியிலேயே பேசுதல் சிறந்த கல்வி என்பதை அவர் அறிந்திருந்தார்.

1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்கள் கொண்ட சிறு நூலாகும். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் இது. அதன் முகப்பில் அண்டிரிக் அடிகளாரின் பெயரோடு, மொழிபெயர்ப்பில் துணைநின்ற மனுவேல் தெ சான் பேத்ரோ என்னும் குருவானவரின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. துணைவரின் பெயரை மறைக்காத இந்நேர்மை நம் கவனத்துக்குரியது; பின்வந்த நூற்றாண்டுகளில் இது எப்பொழுதும் காக்கப்படவில்லை.

4. பாளையங்கோட்டை, 1861

சீர்திருத்தத் திருச்சபையார் நடத்திய மொழி அவைகளுள் பெரியது, தமிழ்த் திருமறையைத் திருத்துவதற்காக 1861இல் பாளையங்கோட்டையில் கூடியதாகும். அதற்கு முன் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய பணியைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரிசியஸ் புதுக்கி, சபையார் உள்ளத்தில் ஊன்றிய மொழிபெயர்ப்பைத் தந்தார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ், எளிய தமிழ் வேண்டுமென்று புதிய ஏற்பாட்டை மறுபடியும் மொழிபெயர்த்து 1833இல் வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல், சைவரான ஆறுமுக நாவலரின் துணையோடு ஆக்கிய மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. தமிழகத்து மிஷனெரிமார் அதனை ஏற்கவில்லை. ஒரே மொழி பேசும் சபைகளுக்குப் பல திருமறைகள் இருந்தன.

இக்குழப்பத்தைத் தீர்க்கச் சென்னை வேதாகமச் சங்கம் குழுவொன்றை அமைத்தது. சென்னையில் பிறந்த யுரேசியரான ஹென்றி பவர் முதன்மை மொழிபெயர்ப்பாளர். இடையன்குடியிலிருந்து கால்டுவெல் வந்தார். சர்ச் மிஷனெரி சங்கத்தின் சார்ஜென்ட் வந்தார். மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்தோரும் இடம்பெற்றனர். ஐந்தாண்டுகளுக்கு முன், 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டிருந்த கால்டுவெல் ஒரு சொல்லின் வேரை ஆராய்ந்து கூறவும், பல சபைப் பிரிவினர் ஒரே மேசையில் அமர்ந்து அதனை எடைபோடவும் வாய்ப்பு உண்டாயிற்று. பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டு குழு திருத்திச் சென்றது. யாழ்ப்பாணத்தாரும் பின்னர் இசைந்தமையால் அது 'ஐக்கிய' மொழிபெயர்ப்பு எனப் பெயர்பெற்றது. 1871இல் முழுத் திருமறை வெளிவந்தது. இன்று நம் ஆலயங்களில் 'பழைய திருப்புதல்' என்று கையில் ஏந்தப்படுவது அதுவே.

சொற்போரின் ஆழத்தை ஒரு சொல்லால் விளக்கலாம். பப்ரிசியஸ் 'பராபரன்' என்றதைப் பவர் குழுவினர் 'தேவன்' என்றனர். இருபதாம் நூற்றாண்டுத் திருத்தங்கள் 'கடவுள்' என்றன. மூன்று சொற்களும் பிற சமயத்தார் வழக்கில் முன்னரே வாழ்ந்தவை. எதனைத் தெரிந்துகொண்டாலும் நாம் அயலாரின் மொழிவீட்டில் புகுந்து பேசுகிறோம். ஆதலால் திருமறை மொழிபெயர்ப்பு என்பது எப்பொழுதும் பண்பாடுகளுக்கிடையேயான உரையாடலாகும்.

இனி நம் மூன்று வினாக்களை இவ்வவையிடம் கேட்போம். குழுவினராக முன்னிறுத்தப்படுவோர் மிஷனெரிமாரே. அக்காலத்தில் நெல்லைச் சபைகளில் குருப்பட்டம் பெற்ற தமிழர் இருந்தனர். உபதேசியார் நூற்றுக்கணக்கில் உழைத்தனர். தமிழ்ப் புலவர்கள் மிஷனெரிமாருக்குத் தமிழ் கற்பித்து வந்தனர். பவர் 1868இல் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பதிப்பித்தபொழுது துணைநின்ற முத்தையா பிள்ளையின் பெயரை அப்பதிப்பில் காண்கிறோம். திருமறையின் முகப்பில் அத்தகைய பெயரைக் காணோம்.

இதன் விளைவையும் வரலாறு காட்டுகிறது. பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், இரேனியஸ் காலத்திலேயே திருத்தங்களைக் கடுமையாக எதிர்த்தார். மனனம் செய்து, பாடலில் இசைத்து, மரணப்படுக்கையில் சொல்லி ஆறுதல் பெற்ற மொழியைச் சபையாரைக் கேளாமல் மாற்றலாகாது என்பதே அவ்வெதிர்ப்பின் உட்பொருள். புலமை அவர் பக்கமா இரேனியஸ் பக்கமா என்பது வேறு வினா. அவைக்குள் கேட்கப்படவேண்டிய குரல் அவைக்கு வெளியே நின்று முறையிட நேர்ந்தது என்பதே நாம் கருதவேண்டியது. லுத்தரன் சபையார் நெடுங்காலம் பப்ரிசியஸை விடாது போற்றினர். பின்னர்ப் பவர் திருமறையும் அவ்வாறே சபையாரின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. புலவர் குழுக்கள் ஆக்கிய பிற்காலத் திருத்தங்கள் எவையும் அதனை இன்றுவரை ஆலயத்திலிருந்து அகற்ற இயலவில்லை.

5. வடக்கன்குளத்திலிருந்து கோலாலம்பூர்

இருபதாம் நூற்றாண்டில் தமிழைக் குறித்த உலக மாநாடுகளின் தொடக்கத்திலும் நெல்லைக்குப் பங்கு உண்டு. யாழ்ப்பாணத்தவரான சேவியர் தனிநாயகம் அடிகளார் உரோமையில் பயின்று, ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் தேர்ந்து, தூத்துக்குடி மறைமாவட்டக் குருவானார். 1940 முதல் 1945 வரை வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராயிருந்தபொழுதுதான் பண்டிதர் ஒருவரிடம் தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கினார். அப்பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயர். குருவானவர் ஒருவர் பிற சமயப் பண்டிதர் முன் மாணவராய் அமர்ந்ததன் பயன் பெரிது. 1964இல் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாட்டின்போது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைந்தது; 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிற்று. 1968இல் சென்னையில் இரண்டாம் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் நிறுவப்பட்ட சிலைகளுள் இடையன்குடிக் கால்டுவெல்லும், சாயர்புரத்தில் பணியாற்றிய போப்பும் இடம்பெற்றனர்.

இம்மாநாடுகள் தமிழாய்வை உலக அரங்கில் ஏற்றின. அறிஞர் உலகோடு உறவாட ஆங்கிலம் வேண்டியிருந்தது. ஆய்வுரைகள் பல ஆங்கிலத்திலேயே அமைந்தன. அதன் தேவையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் உலகை நோக்கித் திறந்த வாயில், ஊரை நோக்கியும் திறந்திருக்க வேண்டும்.

6. நமக்குரிய பாடம்

நாசரேத்தை அடுத்த திருமறையூரில் இயங்கிய இறையியல் கல்லூரி, 1969இல் மதுரை அரசரடியில் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இணைந்தது. இறையியலைத் தமிழில் கற்பிக்க இயலும் என்பதை அக்கல்லூரி செயலில் காட்டியுள்ளது. ஆயினும் நம் கருத்தரங்குகள் பலவற்றில், பன்மொழியின் மேன்மை ஆங்கிலம் ஒன்றிலேயே பேசப்படுகிறது. தமிழில் நன்கு சிந்திக்கும் மாணவர் பின்வரிசையில் வாய்மூடி அமர்கிறார். மூன்றாண்டு கழித்து அவர் தேரிக்காட்டுச் சிற்றூர் ஒன்றில் பிரசங்கபீடத்தில் நிற்கும்பொழுது, கற்றது ஒன்றாகவும் பேசவல்லது வேறொன்றாகவும் இருக்கக் காண்கிறோம். இழப்பு மாணவருக்கு மட்டுமன்று, சபைக்குமாம்.

ஆதலின் மூன்று செயல்களை நம் கல்லூரிகள் மேற்கொள்ளலாம். முதலாவது, மொழி பற்றிய கருத்தரங்கு எதுவாயினும் கலந்துரையாடல் தமிழில் நடைபெறட்டும்; ஆங்கிலக் கட்டுரைக்குத் தமிழ்ச் சுருக்கம் முன்னதாகவே அளிக்கப்படட்டும். இரண்டாவது, உபதேசியாரும் வேதாகமப் பெண்களும் கடற்கரைச் சபையின் மூப்பரும் பிற சமயத் தமிழ்ப் புலவரும் விருந்தினராக அன்றி, திருத்தும் உரிமையுடைய உறுப்பினராக அமரட்டும். தொகுப்பு நூலில் அவர்தம் பெயரும் இடம்பெறட்டும். மூன்றாவது, வட மாநிலங்களிலிருந்து பிழைப்பைத் தேடி நம் ஊர்களுக்கு வந்திருக்கும் உழைப்பாளரின் மொழிகளுள் ஒன்றையேனும் மாணவர் சிலர் கற்கட்டும். குமரகுருபரர் காசியில் செய்ததை நாம் நம் வாயிற்படியிலேயே செய்யும் காலம் வந்துள்ளது.

பெந்தெகொஸ்தே நாளில் கூடிவந்தோர் யாவரும் எருசலேமின் மொழியைக் கற்றுக்கொண்ட பின்னரே நற்செய்தியைக் கேட்டனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறவில்லை. அவரவர் தத்தம் பிறப்பிடத்து மொழியிலேயே கேட்டனர். பேசியவர்மேல் இறங்கிய ஆவியானவர், கேட்டவரின் மொழியை மதித்தார். மணப்பாட்டுக் கரையில் 'வேணும்' என்ற சொல்லைத் திருத்தியவர்களின் பெயர்களை நாம் இழந்துவிட்டோம். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று நம் சபைகளில் இருக்கின்றனர். அடுத்த கருத்தரங்கின் அழைப்பிதழை அச்சிடுமுன், அவர்களுக்குரிய இருக்கையை ஒதுக்குவது நம் கடமை.