பால்மைராவின் ஓடுபாதை

பசிபிக் மாகடலில், ஹவாயின் தலைநகராகிய ஹொனலூலுவுக்குத் தெற்கே ஏறத்தாழ 1,000 மைல் தொலைவில் பால்மைரா என்னும் பவளத்தீவு அமைந்துள்ளது. மழை மிகுந்த இத்தீவின் பெரும்பகுதியை 1922-ஆம் ஆண்டில் ஹவாயில் வாழ்ந்த புல்லார்ட்-லியோ குடும்பத்தினர் விலைக்கு வாங்கினர். இன்று தனியார் வசமுள்ள இதன் விமான ஓடுபாதையின் வரலாறு நாம் அறியத்தக்கது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படையினர் தீவைக் கைக்கொண்டனர். நடுவிலுள்ள காயலைத் தோண்டி ஆழப்படுத்தினர். தோண்டிய பவளத்தைக் கொட்டிச் சிறு திட்டுகளை இணைத்தனர். கூப்பர் என்னும் பெரிய திட்டில் ஓடுபாதை அமைத்தனர். தீவு தனக்கே உரியது என்று அமெரிக்க அரசாங்கமும் வழக்குத் தொடுத்திருந்தது. அவ்வழக்கில் 1947-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் குடும்பத்தினருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. அரசை எதிர்த்து நின்ற குடிமக்கள் வென்றனர்.

ஆயினும் தீவு பழைய நிலையில் அவர்கள் கைக்கு மீளவில்லை. காயலின் நீரோட்டம் மாறியிருந்தது. போர்க்காலத்தில் வந்தேறிய எலிகள் பறவைகளின் முட்டைகளையும் மரக்கன்றுகளையும் அழித்துவந்தன. 2000-ஆம் ஆண்டில் நேச்சர் கன்சர்வன்சி என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு தீவை விலைக்கு வாங்கியது. 2011-ஆம் ஆண்டில் எலிகள் அடியோடு ஒழிக்கப்பட்டன. பின்னர் தீவுக்கே உரிய மரங்களின் கன்றுகள் மீண்டும் தழைத்தன.

போர் விமானங்களுக்காக இடப்பட்ட அதே பாதையில் இப்போது ஆராய்ச்சியாளர்கள் வந்திறங்குகின்றனர். நிலத்தின் உரிமையை ஒரு தீர்ப்பு மீட்டுத் தந்தது. எலிகளிடமிருந்து அந்நிலத்தை மீட்கவோ, அதன்பின் மேலும் 64 ஆண்டுகள் ஆயின என்பதை நாம் மறத்தலாகாது.