முடியாட்சிக்குள் ஒரு குடியாட்சி

கம்பம்மெட்டின் உச்சியில் நின்றால் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கும் மேற்கே ஏலமலைத் தோட்டங்களும் தோன்றும். பிழைப்பு நாடி இம்மேட்டைக் கடந்து வந்த நமக்குச் சேரர், பாண்டியர் என்றதும் முடியும் கொடியுமே நினைவுக்கு வருகின்றன. பண்டைய ஆட்சி முடியாட்சி ஒன்றுதானா?

கி.மு. ஆறாம் நூற்றாண்டு அளவில் வடபுலத்தே மகதமும் கோசலமும் மன்னராட்சிகளாக ஓங்கின. அந்நாளிலேயே வைசாலியில் லிச்சவியர் மன்றம் கூடி ஆண்டனர். இத்தகைய அமைப்பைக் கணசங்கம் என்பர். ஒன்றுகூடி ஒற்றுமையுடன் முடிவெடுக்கும்வரை அவர்களுக்குத் தாழ்வில்லை என்று புத்தர் கூறியதாகப் பௌத்த நூல்கள் உரைக்கின்றன. அவ்வொற்றுமையை உட்பகையால் குலைத்த பின்னரே மகத மன்னன் அஜாதசத்ரு வென்றான் என்பதும் அந்நூல்களின் கூற்றே.

தமிழகத்திலோ வேந்தரும் வேளிருமே ஆண்டனர். எனினும் வேந்தன் முடியின் கீழேயே ஊர் தன்னைத் தான் ஆண்டுகொண்டதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சான்று. முதற் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அவை பொறிக்கப்பட்டன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். 921ஆம் ஆண்டு விதிப்படி வயது 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும். கால் வேலிக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். ஏரிக்கும் தோட்டத்திற்கும் தனித்தனி வாரியங்கள் அமைந்தன. பதவிக்காலம் 360 நாள். முந்திய மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் பெயர் குடத்தில் இடப்படவில்லை.

கோப்பும் கணக்குமாக அலுவலகத்தில் நாள் கழிக்கும் என்னை வியக்கவைப்பது மற்றொரு விதி. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்!

இதனை இன்றைய மக்களாட்சியெனப் புகழ்வது மிகை. அது நிலமுடைய அந்தணர் சபை. பெண்டிர்க்கும் உழைக்கும் மக்களுக்கும் அங்கு இடமில்லை. வைசாலியிலும் குலத்தலைவர்களே ஆண்டனர். இன்று அவ்வேலி இல்லை. தோட்டத் தொழிலாளிக்கும் வாக்கு உண்டு.

பெற்றதைக் காப்பது எவ்வாறு? பிளவுபட்டால் மன்றம் வீழும் என்பது வைசாலி தரும் பாடம். பொதுப்பணம் தொட்டவர் கணக்குக் காட்டவேண்டும் என்பது உத்திரமேரூர் தரும் பாடம். அயல்மண்ணில் சங்கம் வளர்க்கும் நமக்கு இவ்விரண்டும் வேண்டும்.