விமானிக்கு ஒரு முன்னறிவிப்பு

கடலில் வருகிறவனுக்கு அபாயம் எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுவது கரையிலிருப்பவர்களின் கடமை என்ற எண்ணம் சென்னைக்குப் புதிதன்று. 1796-இல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் உச்சியில் தேங்காயெண்ணெய் விளக்காகத் தொடங்கி, 1844-இல் தனித் தூணாகவும், 1894-இல் உயர்நீதிமன்றக் கோபுரத்தின் சிகரமாகவும் இடம் மாறி, 1977-இல் மயிலாப்பூரை அடுத்த கடற்கரைக்கு வந்து சேர்ந்த கலங்கரை விளக்கத்தின் வரலாறே இதற்குச் சாட்சி.

ஆகாய மார்க்கத்துக்கு அத்தகைய பாரம்பரியம் இல்லை. 1932 அக்டோபரில் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டி வந்தபோது, வழியில் என்ன காத்திருக்கிறது என்பதை அவர் பெரும்பாலும் தம் கண்ணாலேயே கண்டறிய வேண்டியிருந்தது. 1944-இல் சிகாகோவில் பல தேசத்தார் கூடிச் செய்த உடன்படிக்கையின் பயனாகச் சர்வதேச விமானப் போக்குவரத்து நிறுவனம் உருவாகி, 1953 மே மாதத்தில் அந்த உடன்படிக்கையின் பதினைந்தாம் அனுபந்தம் ஏற்கப்பட்ட பிறகே, வழியிலுள்ள தடைகளை முன்கூட்டித் தெரிவிக்கும், ‘நோட்டாம்’ என்று விமானிகள் சொல்லும் அறிவிப்பு உலகெங்கும் ஒரே முறைக்கு வந்தது. அவசரமானது தந்தியிலும், அவகாசமுள்ளது தபாலிலும் சென்ற காலம் அது.

அந்த அறிவிப்பின் உருவம் இன்றும் தந்தியின் உருவமே. எந்த நிலையம், எப்போது முதல், எதுவரை, என்ன சங்கதி, எந்த உயரத்துக்குள் என்பனவெல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், சுருக்கக் குறிகளாக அடுக்கப்படுகின்றன. பத்து இலக்கங்களில் ஆண்டு, மாதம், தேதி, மணி, நிமிஷம் ஆகிய ஐந்தும் அடங்கிவிடும். கணக்கு கிரீன்விச் நேரத்தையொட்டியதாதலால், அடையாற்றில் விடியற்காலை ஐந்தரை மணியாகும்போதுதான் அறிவிப்பின் நாள் பிறக்கிறது. ஓடுபாதை மராமத்து, அணைந்துபோன விளக்கு, கட்டடத்தின்மேல் எழும்பிய கிரேன், வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் வேளையில் வங்கக் கடலின்மேல் விலக்கப்படும் வான்பரப்பு — எல்லாம் இந்த வடிவத்துக்குள்தான் வரவேண்டும்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவில் அடையாறு பெருகி மீனம்பாக்கத்து ஓடுபாதையில் ஏறியபோது, நிலையம் மூடப்பட்ட செய்தியும், மூடல் 6-ஆம் தேதிவரை நீடித்த செய்தியும் விமானிகளை எட்டுவதில் பெரிய சிரமம் இருந்திருக்காது. ஏனெனில் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றே, அதுவும் பெரியது. சிக்கல் பிறப்பது சாதாரண நாட்களில், சிறியதும் பெரியதும் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் குவியும்போதுதான். 2017 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கவிருந்த ஏர் கனடா விமானம், மூடப்பட்டிருந்த ஓடுபாதை திறந்திருப்பதாக எண்ணி, அதனால் நான்கு விமானங்கள் வரிசையில் நின்ற பக்கவழியையே தனக்குரிய ஓடுபாதையென மயங்கி, அதை நோக்கித் தரைக்குச் சுமார் 60 அடி உயரம்வரை இறங்கி, கடைசி நேரத்தில் மேலெழும்பியது. ஓடுபாதை மூடலைப் பற்றிய அறிவிப்பு விமானிகளின் கையில் இருந்தது. ஆனால் 27 பக்கக் கட்டில் எட்டாம் பக்கத்தில் இருந்தது.

வெளியிட்டுவிட்டதாலேயே அறிவித்துவிட்டதாகாது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். மீனம்பாக்கத்திலிருந்து புறப்படும் விமானியின் கையிலும் அதே தந்தி வடிவத்துக் கட்டுதான் இருக்கிறது. அவனுடைய பிரயாணத்துக்கு இன்றியமையாததை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரும் வேலை இன்னும் பாக்கியிருக்கிறது.